எந்த மீன், எந்தச் செடி?

மீன் தொட்டியின் நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சி, செடிகள் தெளிவித்த நீரை மீண்டும் மீன்களுக்கே திருப்பும் அக்வாபோனிக்ஸ் முறையில் இந்நாளில் பலர் ஆர்வம் கொண்டுள்ளனர். கொல்லையில் சிறிது இடம் உடைய நெசவாளர்க்கும், நீர் குறைந்த நிலமுடைய விவசாயிகட்கும் இது ஏற்றதே. எனினும், "எந்த மீனை விடலாம்?" என்பதையே எல்லோரும் முதலில் வினவுகின்றனர். அது இறுதியில் எழவேண்டிய வினா என்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது, நீர். மீன் கழிவிலுள்ள அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டே செடிக்கு உரம். இந்நுண்ணுயிர்கள் நிலைபெறச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீன் விடுவது வீண் நஷ்டமே. நெசவுத் தொழிலினர் இன்னொன்றையும் கருதவேண்டும். சாயம் கலந்த நீரோ, சாயம் காய்ச்சிய பாத்திரமோ இத்தொட்டியின் அருகே வரலாகாது.

இரண்டாவது, செடி. வள்ளைக்கீரை, புதினா, தண்டுக்கீரை முதலியன குறைந்த சத்திலேயே செழிப்பவை. விரைவில் அறுவடைக்கு வருபவை. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்குச் சத்து மிகுதியாக வேண்டும். மீன் தீவனத்தில் போதாத பொட்டாசியத்தையும் இரும்பையும் தனியே சேர்க்கவும் நேரும். ஆகவே முதல் ஆண்டில் கீரையோடு நிற்பதே விவேகம். பூச்சிமருந்தை அடியோடு மறந்துவிட வேண்டும். செடிக்குத் தெளிப்பது மீனையும் கொல்லும்.

மூன்றாவது, அளவு. ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்பது பொதுக் கணக்கு. 5 சதுர மீட்டருக்கு 250 கிராம் வரை ஆகும். வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு உண்ணும் என்று கொண்டால், சுமார் 12 முதல் 25 கிலோ மீன் போதும். 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோவுக்கு மேல் மீனை நெருக்குவது புதியவர்க்குத் தகாது.

இனி மீனைக் கூறுவோம். கட்லா நீரிலுள்ள நுண்ணுயிரிகளை மேய்ந்து வாழ்வது. தெளிந்த தொட்டி நீர் அதற்கு ஏற்றதன்று. திலேப்பியா நெருக்கத்தையும் தாங்கும், வெப்பத்தையும் தாங்கும். ஆனால் மின்சாரம் நின்று காற்றூட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் தொட்டி முழுவதும் மாளக்கூடும். மின்தடை மிகுந்த ஊரில் காற்றை நேரே சுவாசிக்கும் விரால் நன்று. எனினும் அது புலால் உண்பது. தீவனச் செலவு கூடும். சிறியதைப் பெரியது விழுங்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாயிற்று. ஆகவேதான் இன்று திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அடியோடு தடை செய்யப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்குவோர், ஒரு மழை வெள்ளத்தில் ஊர் ஏரியையே இழக்கச் செய்வர். ஏரி நம் எல்லோருக்கும் உரியது. ஒருவருடைய இலாபத்திற்காக அதைப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

நூலின் நம்பரை அறியாமல் அச்சைத் தேர்ந்தெடுக்கும் நெசவாளர் உண்டோ? அவ்வாறே நீரையும், மின்சாரத்தையும், ஊர்ச் சந்தையையும் அறிந்த பின்னரே மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடன் வாங்கிப் பெருந்தொட்டி கட்டுமுன் ஒரு சிறு தொட்டியில் ஓராண்டு பழகிப் பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.