காரைச் செக் பண்ணிக் கேட்பது மரியாதைக் குறைவா?



கட்டாரில் ஆறு வருடம் உழைத்துவிட்டு வந்த என் ராத்தாவின் மகன் ஒரு ஹொண்டா சீ.ஆர்.இஸட் வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. பின் சீட்டில் என் உம்மாவால் ஏறவே முடியாது. ஆனாலும் கடற்கரை வீதியால் ஒரு சுற்றுப் போய் வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பதினோராவது நாள் மீற்றரில் ஐ.எம்.ஏ. லைட் எரிந்தது. ஹைபிரிட் பெட்டரி முடிந்துவிட்டது என்றார் கராஜ் பாஸ். தங்கச்சிக்கு வீடு கட்ட வைத்திருந்த காசில்தான் அந்தக் காரை எடுத்திருந்தான்.

"ஏன்டா வாங்கக்குள்ள ஸ்கேன் பண்ணிப் பாக்கல்ல?"

"தெரிஞ்ச ஆள் மாமா. நம்பிக்கை இல்லையாடா எண்டு கேப்பாரு. வெக்கமா இருந்திச்சி."

இந்த வெட்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருதமுனையில் ஒரு சாரன் வாங்கினாலும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நெசவில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற ஆட்கள் நாம். இலட்சக்கணக்கில் கார் வாங்கும்போது மட்டும் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சலாம் சொல்லி எடுத்து வருகிறோம்.

இந்தக் கார் 2010 முதல் 2016 வரை செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது, அதுவும் பெரிய வரியோடு. ஆகவே ஊரில் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் பல கை மாறிய பழைய கார்கள். சீ.ஆர்.இஸட்டில் பெட்டரி பலவீனமானாலும் பெற்றோல் இஞ்சின் ஓடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. எரிந்த லைட்டை ஸ்கேனரால் அழித்துவிடலாம், சில நாள் ஓடிய பிறகுதான் திரும்ப எரியும். அதனால் காரைதீவுச் சந்தியால் திரும்பி அம்பாறை வரை ஏ.சி. போட்டு ஓட்டிப் போய் வாருங்கள். மீற்றரில் சார்ஜ் கோடுகள் திடீரென்று மேலே ஏறி, திடீரென்று விழுந்தால் பெட்டரி களைத்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உயரம் குறைந்த கார், நமது வீதிகளின் ஸ்பீட் பிரேக்கர், போதாததற்குக் கடல் உப்புக் காற்று. காப்பெட்டைக் கிளப்புங்கள். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வீடுகளே தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய ஒரு வாகனத்தைக் கழுவி, வாசம் அடித்து, இங்கே கொண்டுவந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

"ஜப்பானில அடிபடாத வாகனம்" என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரம் ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்தியது. தாளில் உள்ள செஸி நம்பரும் காரில் உள்ளதும் ஒன்றா என்று நீங்களே ஒப்பிட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பர் வேண்டவே வேண்டாம். அதில் கையெழுத்து வைத்தவர் யார், எந்த ஊர் என்றே தெரியாமல் எத்தனை பேர் ஓடுகிறார்கள்!

விற்கிறவர்களுக்கும் ஒரு சொல். ஈரத் தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியின் சம்பவத்தை மத்ரஸாவில் எல்லோரும் படித்துத்தான் வந்தோம். ஸ்கேனரால் லைட்டை அழிப்பது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

மருமகன் இப்போது பெட்டரிக்கு விலை கேட்டுத் திரிகிறான். தங்கச்சியின் வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது.

கார் வாங்கப் போகிற தம்பிமார் கேட்க வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இல்லை. கேள்வியை நான் கேட்கிறேன். சேர் கேள்வி கேட்டால் ஊரில் யாரும் கோபிப்பதில்லை.