காகிதம் வெட்டிக் காட்டாதேங்கோ அண்ணை

இரவு பதினொரு மணிக்குப் பிறகு எங்கட அறையில் நடக்கிற ஒரு காரியத்தை முதலில் ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் கத்தி வீடியோ பார்க்கிறவர்கள். வெங்காயம் உரிக்கவே பஞ்சிப்படுகிற கலைப்பீடத்து ஆக்கள். அமெரிக்காவிலயோ அவுஸ்திரேலியாவிலயோ இருக்கிற ஒரு அண்ணை மடிப்புக் கத்தி ஒன்றை 'டக்' எண்டு திறந்து மூடுவதை இருபது நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். ஏன் எண்டு கேட்டால் பெரிய விளக்கம் ஒண்டும் இல்லை. நல்லாச் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பார்க்கிறதில ஒரு சுகம் இருக்கு.

பார்த்துப் பார்த்து எங்களுக்குள் சண்டையும் வந்திட்டுது. கத்திப் பிரியர்கள் கனகாலமாகப் பிடிக்கிற சண்டைதான்: இந்த வீடியோ றிவியூக்காரரால ஏதும் பிரயோசனம் இருக்கா?

ஒரு கட்சி சொல்லுது: எல்லாரும் கம்பனிக்காரரிட்ட வாங்கிக்கொண்டு கதைக்கிறாங்கள், வீடியோவை மூடிவிட்டுக் கத்தியைக் கையில எடுத்துப் பார்த்து வாங்கு. மற்றக் கட்சி சொல்லுது: அந்த மனுசர் இல்லாட்டி கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கவேணும், சும்மா குறை சொல்லாமல் நன்றியோட பாருங்கோ. இரண்டு கட்சியோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

'கையில எடுத்துப் பார்' எண்டு யாருக்குச் சொல்லுறீங்கள்? பக்கத்தில் பெரிய கத்திக் கடை இருக்கிற நகரத்துக்காரனுக்குச் சொல்லலாம். எங்கட ஊர்ச் சாமான் கடையில பிளாஸ்டிக் உறைக்குள்ள தொங்குகிற மரக்கறிக் கத்திதான் இருக்கு. கடை இருக்கிறவனுக்கும் ஐந்து நிமிஷத்தில் தெரிவது பிடி கைக்கு இதமா, பாரம் சரியா என்பது மட்டும்தான். கூர் எவ்வளவு நாள் நிற்கும், தீட்டினால் கெதியா ஏறுமா, ஈரத்தில் என்னவாகும் என்பதெல்லாம் கடைக்காரரின் மேசையில் தெரியாது. அதுக்கு யாரோ ஒருவர் பாவித்துப் பார்த்துச் சொல்லத்தான் வேணும். ஆகவே றிவியூ தேவை. எங்களைப் போல கடையில்லாத ஊர்க்காரருக்கு மற்றவர்களைவிடக் கூடத் தேவை. தேவை இருக்கிறபடியால்தான் கறாராகக் கேட்கிறோம்.

இனி நன்றிக் கட்சி. வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க் இருக்கும். அதை அமத்தி வாங்கினால் றிவியூக்கார அண்ணைக்கு ஒரு பங்கு போகும். சில கத்திகள் கம்பனியே சும்மா அனுப்பினவை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டல்களைத் திருத்தி, இணையத்தில் எழுதுகிறவர்களும் இலவசப் பொருளோ காசோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேணும் எண்டு தெளிவாக்கியது. நல்ல விஷயம். அதுக்குப் பிறகு 'இதைக் கம்பனி அனுப்பியது, ஆனால் கருத்து என்னுடையது' என்ற வசனம் கோயில் வாசலில் கால் கழுவுகிற மாதிரி ஒரு சடங்காகிவிட்டது. சொல்லிவிட்டால் சுத்தம்.

காசு வாங்கிப் பொய் சொல்கிறவர் இருக்கலாம். எங்களுக்கு அதைவிடப் பெரிய பிழையாகத் தெரிவது நேரம். கத்தி சந்தைக்கு வருகிற நாளிலேயே வீடியோவும் வரவேணும். பிந்தினால் பார்க்க ஆளில்லை. ஆகவே கத்தி கையில் இருந்தது இரண்டு மூன்று நாள். அடுத்த கிழமை அடுத்த கத்தி. ஆறு மாதம் கழிச்சு அதே கத்தியை எடுத்து 'இப்ப எப்படி இருக்கு' எண்டு காட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். இப்படியான வேகத்தில் மிக நேர்மையான மனுசர்கூட பொருளைப் பற்றி ஒண்டும் அறியாமல்தான் கதைப்பார்.

இது எங்களுக்குப் பட்டறிவு. எங்களில் ஒருத்தரின் மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது, நாங்கள் நாலு வீடியோ பார்த்துத் தெரிவு செய்த மரப்பிடி மடிப்புக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பெயர் வேண்டாம். நாலு பேரும் பிடியின் அழகைப் பாடினார்கள், அலகு கூரோ கூர் எண்டார்கள். வந்து சேர்ந்தது மாரிக்குள்ள. மரம் ஈரத்தை இழுத்து ஊதி, அலகு வெளியில வரமாட்டன் எண்டு நின்றது. ஒருநாள் தேசிக்காய் வெட்டிப்போட்டுத் துடைக்காமல் வைச்சோம். விடிய எழும்பிப் பார்த்தால் அலகு கறுத்துக் கிடக்குது, இரண்டு நாளில் கறள். கத்தியில் பிழை இல்லை. கார்பன் உருக்கு கறள் பிடிக்கும், மரம் ஊதும். ஆனால் நாலு றிவியூவில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. காய்ந்த அறையில் மூன்று நாள் வைத்திருந்தவருக்கு அது தெரிய வழியுமில்லை.

அடுத்தது காகிதம். எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்து 'சர்ர்ர்' எண்டு வெட்டிக் காட்டுவார்கள். புதுசாத் தீட்டின எந்தக் கத்தியும் காகிதம் வெட்டும். நூறு ரூபாய்க் கத்தியையும் வடிவா ஒரு சாணைக்கல்லில் தீட்டினால் வெட்டும். நீங்கள் காட்டுவது அன்றைக்குத் தொழிற்சாலையில் அதைத் தீட்டின தொழிலாளியின் கைத்திறன். முதல்முறை நாங்களே தீட்டியதோடு அது போய்விடும்.

உருக்கின் பெயரும் இப்படித்தான். விஜி-10, டி2, எஸ்30வி, எம்390, மக்னாகட் எண்டு மந்திரம்போலச் சொல்வார்கள். பெயர் முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதே உருக்கை எவ்வளவு சூடாக்கி, எப்படிக் குளிர்வித்து, எந்தக் கடினத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதிலும், விளிம்பை எவ்வளவு மெல்லிசாகத் தேய்த்தார்கள் என்பதிலும்தான் பாதிக் கதை இருக்கு. கடினம் கூடினால் கூர் கூடநாள் நிற்கும், விளிம்பு உடைகிற ஆபத்தும் கூடும். மக்னாகட்டை வடிவமைத்த உலோகவியலாளர் லாரின் தோமஸ் 2020இல் 48 உருக்குகளை ஒரே கோணத்தில் தீட்டிச் சோதித்து முடிவை வெளியிட்டார். சோதித்தது ஷெஃபீல்டில் உருவான 'கற்றா' இயந்திரத்தில். மணல் கலந்த அட்டையை ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்ப வெட்டவைத்து, எவ்வளவு வெட்டியது எண்டு அளக்கும் இயந்திரம் அது. அவர் காட்டிய விஷயங்களில் ஒன்று, கோணத்தைக் குறைத்தாலே கூர் நிற்கும் அளவு நல்லாக் கூடும் என்பது. பெயருக்கு மேலதிகமாக நூறு டொலர் கொடுக்க முதல் இது தெரிஞ்சிருக்க வேணும்.

'டமாஸ்கஸ்' என்ற சொல்லை இவர்கள் பாவிக்கிற விதம் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடச் சுடும். இன்றைய வீடியோக்களில் அலையலையாகத் தெரிகிற கத்திகளில் பெரும்பாலானவை இரண்டு வகை உருக்கை அடுக்கி அடித்து அமிலத்தில் தோய்த்தவை. பழைய டமாஸ்கஸ் வாளின் உருக்கு வேறு: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்து மேற்காசியாவுக்குப் போனது. சமனலவெவயில் பருவக்காற்றின் பலத்தில் எரிந்த பழைய இரும்பு உலைகளைப் பற்றி கில் ஜூலெவ் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இரண்டு நிமிஷம் தேடினால் கிடைக்கிற விஷயம். அதைத் தேடாமல் 'பண்டைய இரகசியம்' எண்டு சொல்லி விற்கிறவரை எங்களால் நம்பேலாது.

அப்ப யாரை நம்புறது? எங்களிடம் ஒரேயொரு அளவுகோல் இருக்கு. இவர் சொல்வது பிழை எண்டு இன்னொருவர் நிரூபிக்க இடம் வைத்திருக்கிறாரா? 'செம கத்தி', 'கைக்கு அமிர்தம்' என்பதை யாரும் மறுக்கேலாது. 'விளிம்புக்கு மேல தடிப்பு இவ்வளவு மில்லிமீற்றர், இந்தக் கோணத்தில் நானே தீட்டினன், இத்தனை வெட்டுக்குப் பிறகு காகிதத்தில் சிக்கியது' எண்டால் மறுக்கலாம், இன்னொருவர் செய்து பார்க்கலாம். அவுஸ்திரேலியாவின் 'செட்ரிக் அன்ட் ஏடா' சனல் இதைத்தான் வருஷக்கணக்காகச் செய்யுது. கத்தி கூர் இழக்கும்வரை கயிறை வெட்டி வெட்டி எண்ணுறது. பார்க்க அலுப்பு. கையின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றாயிராது, ஒரு கத்தியை வைத்து முழுத் தொகுதியையும் சொல்லேலாது என்ற குறைகளும் இருக்கு. ஆனாலும் அந்த எண்ணிக்கையோடு நீங்கள் சண்டை பிடிக்கலாம். கத்தியைக் கொங்கிரீட்டில் குத்தி உடைக்கிற வீடியோக்கள் எங்களுக்கும் பிடிக்கும்தான், கூத்து மாதிரி. அடிக்கிறவர் ஒவ்வொரு தரமும் வேறு பலத்தில் அடித்தால் அதில் ஒப்பிட என்ன இருக்கு?

நாங்கள் கேட்பது மூன்றுதான். கத்தி எப்படிக் கையில் வந்தது, எத்தனை நாள் பாவித்தீர்கள் எண்டு முதல் நிமிஷத்திலேயே சொல்லுங்கோ. தொழிற்சாலைக் கூரை அழித்து நீங்களே தீட்டிப்போட்டுச் சோதியுங்கோ. ஆறு மாதத்தால் திரும்பி வந்து, முதல் சொன்னதில் எது பிழை எண்டு சொல்லுங்கோ. இதைச் செய்கிறவருக்கு லிங்கில் காசு போனால் போகட்டும், நாங்களே அமத்துவம்.

இவ்வளவும் எழுதிப்போட்டு எங்கட பக்கத்தைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாயிருக்கு. இந்தத் தளத்தில் நாங்கள் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம். வெளியீட்டு விழாவில் சும்மா தந்த பிரதி, எழுதினவர் தெரிந்த அண்ணை அல்லது அக்கா, வாசித்தது இரண்டு இரவு, அந்தக் கிழமையே கட்டுரை. 'அவசியம் வாசிக்க வேண்டிய நூல்' எண்டு எத்தனை தரம் முடித்திருக்கிறோம்? அதுவும் காகிதம் வெட்டுறதுதான். எங்களை நம்பிப் பஸ் காசை மிச்சம்பிடித்துப் புத்தகம் வாங்கின தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

ஆகவே இனி எங்கட ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் புத்தகம் எப்படிக் கிடைத்தது எண்டு ஒரு வரி இருக்கும். பழைய விமர்சனங்களில் சிலதைத் திரும்ப வாசித்து, பிழைத்த இடங்களை எழுதப்போகிறோம். எழுதாவிட்டால் கீழே வந்து கேளுங்கோ.

மாமா தந்த கத்தி இப்பவும் மேசை லாச்சிக்குள்ள இருக்கு. கறளைத் தேய்த்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம். அலகு கறுப்புத்தான், மழை நாளில் திறக்க இரண்டு பேர் வேணும். வாங்கி ஒன்பது மாதம், நாங்களே மூன்று தரம் தீட்டினோம், வெங்காயம் நல்லா வெட்டுது.