நேற்றைய விடையை என்ன செய்வது?

நம் வகுப்பு அலமாரியில் தடித்த அட்டை போட்ட பொது அறிவு ஏடு ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருத்தி வினா எழுதுவாள். தெரிந்தவள் விடை எழுதுவாள். ஆசிரியை சிவப்பு மையால் 'சரி' இடுவார். அக்காமார் நமக்கு விட்டுச் செல்லும் சொத்து அது.

அச்சொத்தை நம்பித்தான் இவ்வாண்டு வினாடி வினாவில் எங்கள் அணி தோற்றது. தமிழகத்தில் மாவட்டங்கள் எத்தனை என்று கேட்டார்கள். நான் கம்பீரமாக எழுந்து "32" என்றேன். அரங்கமே சிரித்தது! 2019ஆம் ஆண்டில் ஐந்து மாவட்டங்கள் புதிதாக உருவானதும், 2020இல் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானதும் பாவம், அந்த ஏட்டுக்குத் தெரியாது. மயிலாடுதுறையிலேயே அத்தை வீட்டை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னாயே என்று அம்மா கேட்டது தனிக்கதை.

"அந்தப் பக்கத்தைக் கிழித்து எறி" என்றாள் என் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதிய நாளில் அக்காவின் விடை சரியானதே. எங்களை ஏமாற்றியது அவர் கையெழுத்தன்று. விடை பழையதான பின்னும் அழியாமல் நின்ற சிவப்புச் 'சரி'தான். அது இருக்க, யார் சந்தேகப்படுவார்?

புளூட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் கண்டுபிடிக்கப்பட்டு ஒன்பதாம் கோளாக இருந்தது. தன் பாதையைச் சுற்றியுள்ள பிற பொருள்களை அது அகற்றவில்லை என்பதால், 2006இல் பிராகு நகரில் கூடிய வானியலார் அதைக் குறுங்கோள் ஆக்கினர். பழைய விடையைக் கிழித்துவிட்டால், தாத்தாவின் புத்தகத்தில் ஒன்பது கோள்களைக் காணும் தங்கை யாரிடம் போய்க் கேட்பாள்?

ஆகவே, பழைய விடையின் மேல் மெல்லிய கோடு ஒன்று போதும், படிக்கத் தெரியவேண்டும். அதன் கீழே புதிய விடை, ஆண்டு, மாறிய காரணம். ஆசிரியை மீண்டும் பார்த்துச் 'சரி' இடட்டும். முக்கோணத்தின் கோணங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாநிலங்கள், மக்கள்தொகை, மலையின் உயரம் இவற்றுக்கே வேண்டும். எவரெஸ்டு கூட 2020இல் 8848 மீட்டரிலிருந்து 8848.86 ஆகிவிட்டதே!

இத்தனைப் பக்கங்களை யார் பார்ப்பது என்கிறீர்களா? ஜூன் மாதத்தில் ஆளுக்குப் பத்துப் பக்கம் எடுத்தால் ஒரு வாரத்தில் முடியும். மாவட்டப் பக்கத்தை நான் முடித்துவிட்டேன். '38, 2020 முதல்' என்று எழுதி, கீழே இரண்டு வரி இடமும் விட்டிருக்கிறேன்.