பூச்சிக்கும் ஒரு பங்கு

தை பிறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் சஞ்சீவி மலை பனிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஏழரை மணி வாக்கில்தான் மெல்ல முகம் காட்டுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் ஆத்தா சொல்வாள். எழுபது வயதுக்கு மேல்தான் அந்தப் பனி எலும்பையும் துளைக்கும் என்று தெரிகிறது. இருந்தாலும் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். அங்கே எனக்கு நாலு பாத்தி இருக்கிறது. ஒரு சப்பட்டை மாமரம், இரண்டு பப்பாளி, ஒரு எலுமிச்சை. இதுதான் என் எஸ்டேட்.

நூற்பாலையில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு எழுதியவன் நான். கை சும்மா இருக்காது. தோட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுகிறேன். புரட்டாசிக் கடைசியில் நட்டதிலிருந்து நேற்று வரைக்குமான கணக்கு இது.

அவரை 9 கிலோ. அமோகம். பந்தல் கொள்ளாமல் காய்த்தது. தக்காளி பதினாறு செடி நட்டதில் ஆறு செடிக்கு இலை சுருண்டுபோய் பிடுங்கிப் போட்டேன். மீதிச் செடிகளில் 10 கிலோ. கத்தரிக்காய் 118 பறித்தேன், அதில் 47 சொத்தை. வெண்டை மார்கழிக் குளிரில் முளைக்கவே அடம் பிடித்தது. முளைத்த பத்தில் நாலு செடிக்கு மஞ்சள் தேமல் வந்துவிட்டது. கொய்யா பக்கத்து வீட்டு மரம், கிளை என் பக்கம், பழம் அணிலுக்கு. மாமரம் இப்போது நன்றாகப் பூத்திருக்கிறது. அதை வரவில் எழுத வைகாசி வரை பொறுக்க வேண்டும்.

சந்தை விலைக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து 850 ரூபாய் பெறும். நாற்று, விதை, மண்புழு உரம், பந்தல் கயிறு என்று செலவு 710. லாபம் 140 ரூபாய். நான்கு மாத உழைப்புக்கு. என் மனைவி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வருமான வரி கட்டணுமாங்க?" என்று கேட்டாள்.

சிரிக்கலாம். ஆனால் அந்த 47 சொத்தைக் கத்தரிக்காயைப் பற்றித்தான் இன்று சொல்ல வேண்டும். நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் எல்லாரும், "ஒரு மருந்து அடிச்சா தீந்துச்சு, இதைப் போயி விட்டு வச்சிருக்கீரே" என்கிறார்கள். அடிக்க மாட்டேன். வீட்டுத் தோட்டத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது என்பது என் கட்சி. இது புத்தகம் படித்து வந்த கொள்கை இல்லை. பட்டு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை. அந்த வருஷமும் கத்தரியில் இதே தொல்லை. கொழுந்து கொழுந்தாகத் தலை தொங்கும். கிள்ளிப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு. குருத்து முற்றியதும் காய்க்குள் போய்விடும். வெளியே சின்ன ஓட்டை, உள்ளே முழுக்கக் கழிவு. நான் புலம்பியதைக் கேட்ட ஒருவர், பருத்திக்கு அடித்து மிச்சமிருந்ததென்று ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். லேபிள் பாதி கிழிந்து எண்ணெய் பட்டு அழுக்காக இருந்தது. "ஒரு மூடி ஊத்தி அடிங்க, ஒரு புழு இருக்காது" என்றார். நானும் படித்தவன்தான். என்ன மருந்து என்று கேட்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கைத்தெளிப்பானில் கலந்து கத்தரிக்கு அடித்தேன். காற்றில் பக்கத்துப் பாத்தித் தக்காளிக்கும் கொஞ்சம் பட்டிருக்கும். நான் அதை யோசிக்கவே இல்லை.

பொங்கல் லீவுக்கு மகன் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. பேத்திக்கு அப்போது ஆறு வயது. மறுநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கையில் பாதி தின்ற தக்காளியோடு வந்து, "தாத்தா, நம்ம தக்காளி இனிப்பா இருக்கு" என்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" நான் பேந்தப் பேந்த விழித்தேன். மகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருமகள் பிள்ளையின் கையை விடவே இல்லை. பாட்டில் கொடுத்தவருக்குப் போன் போட்டுப் பேரைக் கேட்டுச் சொன்னேன். மோனோகுரோட்டோபாஸ். ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க வைத்துக் கவனித்தார்கள். கடவுள் புண்ணியம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் இட்லி கேட்டாள். நான் வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதென்று மத்திய அரசு 2005லேயே தடை போட்டிருக்கிறது. 2013 ஜூலையில் பிகார் சரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சமையல் எண்ணெயில் கலந்திருந்த விஷம் இதே மோனோகுரோட்டோபாஸ்தான். அந்தச் செய்தியை அன்றைக்கு நானும் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டியவன். அதே சரக்கை என் கையால் என் வீட்டுப் பாத்தியில் தெளித்திருக்கிறேன்.

இனி அக்கா கதைக்கு வருகிறேன். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். எங்களுக்கு நடுவே பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் வீட்டுப் பின்பக்கம் என் தோட்டத்தில் பாதிகூட இல்லை. ஒரு முருங்கை, ஒரு மாதுளை, வாழை, அவரை, கொஞ்சம் துளசி, அவ்வளவுதான். அங்கே போய் நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "ஏன்டா தம்பி, பூச்சி தின்ன மிச்சத்தைத்தானே நம்ம அம்மா காலத்துல இருந்து தின்னுக்கிட்டு இருக்கோம். சொத்தையை அரிஞ்சு போட்டுட்டு மிச்சத்தைக் கொழம்புல போடுறதுக்கு உனக்கு என்ன கேடு?"

அவள் மாதுளையில் பூ ஏகப்பட்டது வரும். முக்கால்வாசி உதிர்ந்துவிடும். அதற்கும் அவள் கவலைப்படுவதில்லை. ஆண்டாள் கையில் தினமும் வைக்கிற கிளிக்கு மூக்கு மாதுளம்பூவில்தானே செய்கிறார்கள். "காயாகாட்டி என்ன, அம்மா கிளிக்கு மூக்காகும்" என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தோட்டம் என்றால் முதலில் பெரியாழ்வாரின் நந்தவனம்தான் நினைவுக்கு வரும். துளசிச் செடியடியில் பிள்ளை கிடைத்த தோட்டம். பிள்ளை விளையாடுகிற இடத்தில் விஷம் தெளிக்கலாமா என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

மருந்தில்லாமல் முடியுமா என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். 2008ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மரம் முழுக்கப் பஞ்சை ஒட்டி வைத்தாற்போல் இருக்கும். மருந்து மேல் மருந்து அடித்துப் பார்த்தார்கள். மேலே இருக்கிற மெழுகு மாவைத் தாண்டி உள்ளே போகவில்லை. கடைசியில் 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தார்கள். அசிரோபாகஸ் பப்பாயே என்று பேர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது. வேளாண் பல்கலைக்கழகமும் மற்ற நிலையங்களும் அதைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சு பூச்சியைத் தின்று வளரும். ஒரு வருஷத்துக்குள் பூச்சி அடங்கிவிட்டது. அந்தச் சமயம் மருந்து அடித்துக்கொண்டே இருந்தவர்கள் தோட்டத்தில் முதலில் செத்திருக்கக் கூடியது அந்தக் குளவிதான். காப்பாற்ற வந்தவனையே கொல்கிற வேலை.

என் அவரையிலும் அப்படித்தான். பனி நாளில் கொழுந்தில் அசுவினி கருப்பாக அப்பிக்கொள்ளும். அதன் நடுவே சின்ன முதலை மாதிரி ஒரு புழு ஊரும். பல வருஷம் அதைத்தான் வில்லன் என்று நினைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்னத்தான் அது வந்திருக்கிறது. இப்போது காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவி விடுகிறேன். மிச்சத்தை அது பார்த்துக்கொள்கிறது.

கத்தரியில் வாடிய குருத்தை ஒரு விரல் கீழே கிள்ளி எரித்துவிடுகிறேன். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கிறேன். தக்காளிக்கும் வெண்டைக்கும் நோயைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. அதற்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டிருக்கிறேன். தேமல் வந்த செடியைத் தயவு பார்க்காமல் பிடுங்குகிறேன். மாமரம் பூத்திருக்கும்போது பக்கத்தில் எதையும் தெளிப்பதில்லை. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்குத்தான். அவற்றை விரட்டிவிட்டுக் காய் எங்கே என்று அண்ணாந்து பார்த்து என்ன பயன்?

இதெல்லாம் செய்தும்தான் 47 சொத்தை. அதை மறைக்கவில்லை. வேப்பங்கொட்டை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று செல்போன் வீடியோக்களில் சொல்கிறார்கள். தீர்க்காது, குறைக்கும். கூடை நிறையக் காயைக் காட்டுகிறவர்கள் பிடுங்கி எறிந்த செடியையும் காட்டினால் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பயந்துபோய் மருந்துக் கடைக்கு ஓட மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விவசாயிகளுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. கடன் வாங்கி ஒரு ஏக்கர் கத்தரி போட்டவருக்கு நூற்றுக்கு நாற்பது சொத்தை என்றால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அவருக்கு அது பிழைப்பு. சந்தைக்குக் கொண்டு போனால் ஓட்டை விழுந்த காயை நாமே ஒதுக்கித் தள்ளுகிறோம். அப்புறம் அவர் மருந்து அடிக்காமல் என்ன செய்வார்? ஆனால் எனக்கும் உங்களுக்கும் அப்படியில்லை. பென்ஷனோ பிள்ளைகள் அனுப்பும் பணமோ இருக்கிறது. 47 காய் போனால் நமக்கு நஷ்டம் நூறு, நூற்றைம்பது ரூபாய். அதைக் காப்பாற்ற விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் சேராது. முப்பத்து நாலு வருஷம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமில், பரணில் போய்ப் பாருங்கள். லேபிள் இல்லாத பாட்டிலோ, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மருந்தோ இருக்கலாம். எப்போதோ யாரோ கொடுத்தது. என் வீட்டில் இருந்ததைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் என்று வீட்டில் எதுவும் கிடையாது.

இந்தப் பொங்கலுக்கும் பேத்தி வந்திருந்தாள். எட்டு வயது. நேராகப் பின்பக்கம் போய்த் தக்காளிச் செடி முன்னால் நின்றாள். நல்ல சிவப்பில் ஒன்று. கையை நீட்டியவள் பறிக்காமல் திரும்பி என்னைப் பார்த்து, "தாத்தா, சாப்பிடலாமா?" என்று கேட்டாள். சாப்பிடலாம் என்று சொன்னேன். அடுத்த தக்காளிக்கும் கேட்டாள். லீவு முடிந்து ஊருக்குப் போகிற வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் பறித்தாள்.