மாடு இருக்கிறதா என்று கேளுங்கள், டாக்டர்

ஐந்து மாதம் தாண்டிய சினைமாடு திடீரென்று கன்றை வீசிவிடும். இளங்கொடி லேசில் விழாது. வீட்டுக்காரர் வெறுங்கையை விட்டு இழுப்பார். செத்த கன்று குப்பைமேட்டுக்குப் போகும், அங்கிருந்து நாய் இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போகும். கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலமெல்லாம் நான் கண்டது இதுதான். கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா பாக்டீரியா அந்தக் கொடியிலும் ஈற்றுநீரிலும்தான் மண்டிக் கிடக்கும். உள்ளே புக, கையில் ஒரு சிறு கீறல் போதும்.

பாலைக் காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும். பொங்கவிட்டுக் குடிக்கும் பழக்கம்தான் நம்மில் பலரைக் காப்பாற்றி வருகிறது. (பச்சைப் பாலில்தான் சத்து என்று நகரத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.) தொழுவத்தில் கைவைப்பவருக்குத்தான் காப்பு ஏதுமில்லை. மனிதருக்கென்று தடுப்பூசியும் கிடையாது.

ஒருமுறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்ல கன்றே போடும். நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். போயிருக்காது, பாலிலும் ஈற்றுநீரிலும் கிருமி வந்துகொண்டேயிருக்கும். சிலர் அடுத்த ஈற்றுக்குள் மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவார்கள். கடன் வாங்கி மாடு பிடித்தவரிடம் உண்மையைச் சொல்லி விற்கச் சொன்னால், யார் வாங்குவார் என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான்.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்நோய்க்கு எதிராக நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இலவசத் தடுப்பூசி உண்டு. ஆயுளுக்கு ஒரே ஊசி. அதைத் தவறவிடுவதற்குச் சாக்கே கிடையாது.

என் வருத்தம் மனித மருத்துவர்கள்மேல். டேவிட் புரூஸ் மால்டாவில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1887இல். இன்றும் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இடுப்புவலி என்று போகிறவருக்கு டைபாய்டு என்றோ காசநோய் என்றோ சீட்டு எழுதப்படுகிறது. புருசெல்லா காய்ச்சலுக்கோ இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பும், முதுகெலும்பையும் பிடிக்கும்.

வீட்டில் மாடு உண்டா, அண்மையில் கன்று வீசியதா என்று டாக்டர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழக் குழியில் புதையுங்கள்.