"கியர்பாக்ஸ் போச்சு சார்!"

புதுவாயல் பக்கம் கொல்கத்தா ஹைவேயில் (பழைய என்.எச்.5, இப்போது 16) பத்து நிமிஷம் நின்றால் போதும், லாரிகளை எண்ணி மாளாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற டிரெய்லர், ஆந்திராவுக்குப் போகிற டாரஸ்... எது படுத்தாலும் எழுப்பிவிட ஆள் உண்டு. கிளட்ச் பிளேட்டை ரோட்டோரத்திலேயே கழற்றி மாட்டிவிடுவார்கள். கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அதே ரோட்டில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் இழுக்காமல் நிற்கட்டும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கியர்பாக்ஸ் போச்சு சார்."

எப்படித் தெரிந்தது? ஆயில் பார்த்தாரா? ஸ்கேனர் மாட்டினாரா? ஒரு ரவுண்டாவது ஓட்டினாரா? ஒன்றும் கிடையாது. காரின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டும் ஒரு எஸ்டிமேட் மட்டும் கைக்கு வரும். பி.காம். முதல் வருஷத்தில் தேய்மானம் படித்த எவனும் கணக்குப் போட்டு "வித்துடலாம்" என்றுதான் சொல்வான். ஓடக்கூடிய கார் காயலான் கடைக்குப் போகும். இது நோய் கண்டுபிடிக்கிற வேலை இல்லை மக்களே, ஜோசியம்!

முதலில், ஆட்டோமேட்டிக் என்பது ஒரே சாமான் இல்லை. பழைய ஜென், சான்ட்ரோ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வர்டர். 2003-ல் வந்த சிட்டியில் சி.வி.டி. 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதனுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. அதில் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கினால் "பெட்டியே போச்சு" என்பது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டச் சொல்வது போல.

டார்க் கன்வர்டர் வண்டியில் ஆயில்தான் உயிர். சக்தியைக் கடத்துவது, உள்ளே கிளட்சுகளை அழுத்துவது, சூட்டைத் தணிப்பது எல்லாம் அதன் வேலை. அளவு குறைந்தால் டி போட்டு இரண்டு மூன்று செகண்ட் கழித்துத்தான் வண்டி நகரும், இஞ்சின் சும்மா இரையும். அதைப் பார்க்கக்கூட முறை உண்டு. பல வண்டிகளில் சூடான பிறகு, இஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அணைத்த கையோடு பார்க்க வேண்டும். மாற்றிப் பார்த்தால் தப்பான அளவுதான் தெரியும். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கலாம். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு வெள்ளைத் துணியும் மூக்கும் போதும். சி.வி.டி.க்கு அதற்கென்றே தனி ஆயில். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று எதையோ ஊற்றியவர்தான் பல பெட்டிகளுக்கு எமன்.

கியர் விழும்போது 'டொக்' என்று உதைக்கிறதா? இஞ்சின் மவுண்ட் ரப்பர் செத்துப்போயிருக்கலாம். மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறதா? ஏதோ ஒரு சென்சாரோ சோலனாய்டோ மக்கர் செய்ய, கம்ப்யூட்டர் பெட்டியைக் காப்பாற்ற அப்படி நிறுத்தியிருக்கலாம். பாட்டரி வோல்டேஜ் குறைந்தால்கூட இந்தக் கூத்து நடக்கும். ஸ்கேனரில் பி0700 என்று வந்ததும் "பாத்தீங்களா!" என்பவர்கள் உண்டு. அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது, போய்க் கேள். கேட்காமலே பெட்டியை இறக்குகிறார்கள்.

மெக்கானிக்கை மட்டும் திட்டினால் நியாயமில்லை. மேனுவலும் சரியான ஸ்கேனரும் அவருக்கு யார் கொடுத்தார்கள்? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது இதற்காகத்தான்: உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள். கம்பெனிகள் என்ன செய்தன? அப்பீல், கோர்ட், வாய்தா. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. ரோட்டோரப் பட்டறை வரை அது வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

கம்பெனி சர்வீசுக்கே போனால் உண்மை வந்துவிடுமா? ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் பெட்டி நடுங்கியபோது, "நீங்கள் ஓட்டுகிற லட்சணம்" என்று வாடிக்கையாளர்கள் சிலரையே குற்றவாளி ஆக்கினார்கள். 2018-ல் அங்கே நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதே பவர்ஷிஃப்ட் பெயரில்தான் இங்கே மறைமலை நகரில் செய்த இக்கோஸ்போர்ட்டிலும் 2013-ல் ஆட்டோமேட்டிக் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தி நின்றுவிட்டது. வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் பெட்டியை இறக்க விடுவதற்கு முன் கேளுங்கள்: என்னென்ன சோதித்தீர்கள், என்ன கோடு வந்தது, எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும். பில் வேண்டும்; பில் தராமலிருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமும் இல்லை.

இன்னொன்று. நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுக்க நாலு பேர் ஓடி வருவார்கள். நல்ல மனசுதான், விடாதீர்கள். இஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப் சுற்றாது. கவரைப்பேட்டை வரை இழுத்துப் போனாலும் நல்ல பெட்டி காய்ந்து தேயும். முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், அல்லது லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ரோட்டில் லாரிக்கா பஞ்சம்?