முத்துநகரை மறக்கலாமா?

ஒரு முறை சுற்றுலா சென்று வந்த ஊரின் மீது நமக்கு என்ன உறவு இருக்க முடியும்? "பார்த்தாயிற்று, அடுத்த ஊர் எது?" என்று கேட்போர் பலர். எங்கள் கட்சி வேறு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

2023 அக்டோபரில், எட்டாம் வகுப்பு மாணவியராக இருந்த நாங்கள் தூத்துக்குடிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். பனிமய மாதா பேராலயத்தில் செபித்தோம். துறைமுகத்தைக் கண்டோம். நம் கோவைப் பகுதியின் நூலும் துணியும் இவ்வழியே கடல் கடக்கின்றன என்று கேட்டபோது, உறவினர் வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது. மக்ரூனை மூக்குப் பிடிக்கத் தின்றோம். அது தனிக் கதை! ஆனால் எங்கள் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவை உப்பளங்களே. கண் கூசும் வெயிலில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். ஒரு பாட்டி எங்களிடம் ஒரு பிடி கல்லுப்பைக் கொடுத்து, "எந்த ஊரு பிள்ளைகளா?" என்றார். "கோயமுத்தூருங்க பாட்டி" என்றோம். "எங்க உப்பைத் தின்னுட்டியள்ல, இனி மறக்க மாட்டிய" என்று சிரித்தார்.

இரண்டே மாதங்கள் சென்றன. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் வானமே பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். நம் கோவைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட இது அதிகம். அரை மணி நேர மழைக்கே நம் சரவணம்பட்டியில் சத்தி சாலை என்ன பாடு படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தாமிரபரணி கரை புரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. குவித்து வைத்த உப்பும் கரைந்தது. அந்தப் பாட்டி என்ன ஆனாரோ, பெயரைக் கூடக் கேட்டு வரவில்லை.

அந்த வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துவிட்டது. பயணிகள் சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி கிராம மக்கள் உணவு சமைத்து அவர்களின் பசியாற்றினர். அப்பயணிகளும் எங்களைப் போல் வந்து போகிறவர்கள்தாமே! எந்த ஊரார் என்று பார்த்தா சோறு போட்டார்கள்?

நம் பள்ளியிலும் பணமும் போர்வைகளும் திரட்டி அனுப்பினோம். நல்ல காரியமே. ஆனால் அடுத்த ஆண்டு முதல் சுற்றுலாப் பட்டியலில் தூத்துக்குடியைக் காணோம். கேட்டால், "தண்ணியில முழுகுன ஊருக்கு மறுக்கா எதுக்கு கண்ணு போகோணும்? ஊட்டிக்குப் போயிட்டு வாங்க" என்கிறார்கள் வீட்டில். பெற்றோரின் அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். அதே டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கியது. சென்னைக்குப் போகாதே என்று யாராவது சொன்னதுண்டா? கல்யாணம், கண்காட்சி, கல்லூரி என்று அனைவரும் போய்க்கொண்டுதானே இருக்கிறோம்? தூத்துக்குடி என்றால் மட்டும் ஏன் தயக்கம்?

அனுதாபம் ஒரு வாரத்தில் வற்றிவிடும். மக்ரூன் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வேண்டியது எங்கள் கண்ணீர் அன்று, வருகை. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி. செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில் அல்லவா? பழைய உறவு இது, நேற்று முளைத்ததன்று.

மழைக்காலம் வேண்டாம், ஜனவரியில் செல்லலாம். எங்களுக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் இம்முறை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளை அனுப்புமாறு தலைமை அருட்சகோதரி அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். செல்பவர்கள் உப்பளத்தில் அந்தப் பாட்டியை விசாரித்து, பெயரையும் கேட்டு வர வேண்டும். மக்ரூன் இரண்டு பெட்டிகள். காசை முன்னதாகவே தந்துவிடுகிறோம்.